சீன் போடுகிறவருக்குத்தான் பிரமோஷனா? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

பதினெட்டு வருடமாக ஆபீஸ் உத்தியோகம். முதல் பத்து வருடம் என் நாற்காலி, என் வேலை என்று இருந்தேன். அப்புறம் டீம் லீட், இப்போது மேனேஜர். ஒவ்வொரு வருடமும் அப்ரைசல் (வருடாந்திர வேலை மதிப்பீடு) முடிந்த வாரத்தில் பழைய சகாக்கள், தங்கையின் தோழிகள், எப்போதோ என் டீமில் இருந்தவர்கள் என்று யாராவது போன் செய்து புலம்புவார்கள். புலம்பலின் வார்த்தைகள் மாறும், சந்தேகங்கள் மாறாது. அவற்றை, கேட்டவர்கள் கேட்ட மாதிரியே கீழே போட்டிருக்கிறேன்.

வேலை செய்றவனுக்கு ஒண்ணும் இல்ல, சீன் போடுறவனுக்குத்தான் பிரமோஷன். இது நிஜமா, இல்ல எனக்கு மட்டும் அப்படித் தோணுதா?

இரண்டும்தான். முதலில் உங்கள் பக்கம். ஃப்ரெட் லுத்தான்ஸ் என்ற அமெரிக்கப் பேராசிரியர் தன் குழுவோடு 450-க்கும் அதிகமான மேனேஜர்களின் நேரம் எங்கே போகிறது என்று ஆராய்ந்து, முடிவுகளை 1988-இல் வெளியிட்டார். மளமளவென்று பதவி உயர்ந்தவர்கள் தங்கள் நேரத்தில் 48 சதவீதத்தை ஆள் பழக்கம், அரட்டை, உறவு வளர்ப்பு ஆகியவற்றுக்குச் செலவிட்டிருந்தார்கள். டீமின் வேலையைத் தரமாக முடித்து, கீழே வேலை செய்பவர்களின் மதிப்பையும் பெற்றவர்கள் அதற்குக் கொடுத்தது 11 சதவீதம். சீக்கிரம் மேலே போகிறவர்களும் நன்றாக வேலை வாங்குகிறவர்களும் பெரும்பாலும் வேறு வேறு ஆட்கள்.

இனி கசப்பான பக்கம். 1979-இல் மைக்கேல் ராஸ், ஃபியோரே சிகோலி என்ற இருவர் கணவன் மனைவியரைத் தனித்தனியாக உட்கார வைத்து, வீட்டு வேலைகளில் உங்கள் பங்கு எவ்வளவு என்று கேட்டார்கள். இருவர் சொன்னதையும் கூட்டினால் பெரும்பாலான வேலைகளில் நூறைத் தாண்டியது. யாரும் பொய் சொல்லவில்லை. நாம் செய்தது நமக்கு நினைவிருக்கும், அடுத்தவர் செய்தபோது நாம் பக்கத்தில் இல்லை, அவ்வளவுதான். எங்கள் டீமில் ஒருவர் நாள் முழுக்க போனிலேயே இருப்பார். வெட்டிப் பேச்சு என்று நாங்கள் எல்லோரும் முடிவு கட்டியிருந்தோம். அவர் இரண்டு வாரம் லீவில் போனார். வாடிக்கையாளர்களின் கோபம் மொத்தமும் நேராக எங்கள் மேல் வந்து விழுந்த பிறகுதான் அந்த போனில் என்ன நடந்துகொண்டிருந்தது என்று புரிந்தது.

மேனேஜருக்குக் கண்ணு தெரியாதா? யார் வேலை செய்றா, யார் படம் காட்டுறான்னு அவருக்கே தெரிய வேணாமா?

உங்கள் மேனேஜருக்குக் கொஞ்சம் தெரியும். ஆனால் ரேட்டிங் அவர் ஒருவர் கையில் இல்லை. அது முடிவாகும் அறையை நீங்கள் பார்த்ததில்லை என்பதால் சொல்கிறேன். ஏழு மேனேஜர்கள், திரையில் ஒரு எக்செல் ஷீட், அறுபது பெயர்கள், மூன்று மணி நேரம். ஆளுக்கு மூன்று நிமிடம். ஒரு பெயர் வருகிறது. அவருடைய மேனேஜர், “நல்ல பையன், வேலையில குறை சொல்ல முடியாது” என்கிறார். எதிரில் இருப்பவர் நிமிர்ந்து பார்த்து, “யாருங்க அது?” என்கிறார். அடுத்த பெயர் வருகிறது. “ஓ, அன்னைக்கு டெமோ கொடுத்தாரே, அவர்தானே?” மூன்று தலைகள் ஆடுகின்றன. இரண்டு பேருக்கும் நடுவே இருந்த வித்தியாசம் அங்கேயே முடிவாகிவிட்டது. “குறை சொல்ல முடியாது” என்ற வாக்கியத்துக்கு அந்த அறையில் சல்லிக்காசு மதிப்பில்லை. மேனேஜரான முதல் வருடம் என் டீமில் மிகத் திறமையான ஒரு பெண்ணைப் பற்றி நானே அதைத்தான் சொன்னேன். அவருக்கு நடு ரேட்டிங் வந்தது. அது என் குற்றம்.

இதற்கு உதவியாக மனித மனதின் ஒரு கோளாறும் இருக்கிறது. எட்வர்ட் தார்ன்டைக் என்ற உளவியலாளர் 1920-இலேயே எழுதியது: ராணுவ அதிகாரிகள் தங்களுக்குக் கீழே இருந்தவர்களின் உடல்தோற்றம், அறிவு, தலைமைக் குணம், நடத்தை ஆகியவற்றைத் தனித்தனியாக மதிப்பிட வேண்டும். ஆனால் ஒன்றில் உயர்வாகப் போட்டவருக்கு எல்லாவற்றிலுமே உயர்வாகப் போட்டிருந்தார்கள். கணீரென்று பேசுகிறவர் வேலையிலும் கெட்டிக்காரராகத்தான் இருப்பார் என்று மனசு தானாகக் கணக்குப் போட்டுக்கொள்கிறது. கண்ணால் பார்க்க முடியாத வேலையைக் காதால் அளக்கிறார்கள். இந்தப் பக்கத்தில் இருக்கும் முக்கால்வாசிச் சிக்கல் இதிலிருந்து முளைத்ததுதான்.

விசிபிலிட்டி வேணும், விசிபிலிட்டி வேணும்னு சொல்றாங்களே, அது தற்பெருமைதானே அண்ணா? எனக்குக் கூசுது.

கூசுவது நல்ல குணம்தான். ஆனால் இதில் நம் பழைய இலக்கணக்காரர் உங்களைவிடத் தாராளமாக இருந்திருக்கிறார். பதின்மூன்றாம் நூற்றாண்டில் பவணந்தி முனிவர் எழுதிய நன்னூலின் பாயிரத்தில், எத்தனை துறைகளைக் கரைத்துக் குடித்தவனானாலும் தன்னைத் தானே புகழ்வது தகாது என்று ஒரு சூத்திரம் வருகிறது. அதோடு விட்டுவிடவில்லை. அடுத்த சூத்திரத்திலேயே நான்கு இடங்களுக்கு விலக்கு கொடுக்கிறார்: அரசவைக்கு ஓலை எழுதும்போது, தன் ஆற்றலை அறியாதவர்கள் நடுவில் இருக்கும்போது, அவையில் வாதிட்டு வெல்ல வேண்டியபோது, எதிராளி தன்னைப் பழித்துப் பேசும்போது.

இன்றைய ஆபீஸுக்கு அப்படியே பொருந்துகிறது. ஓலை என்பது செல்ஃப் அப்ரைசல் படிவம். ஆற்றல் அறியாதவர்கள், மேலே சொன்ன “யாருங்க அது?” அறைக்காரர்கள். தினமும் டீம் குரூப்பில் “இன்றும் ஒரு வெற்றிகரமான நாள்” என்று போடுவது இந்த நான்கிலும் வராது. எனக்கு இன்னொரு சோதனையும் உண்டு. நீங்கள் சொன்னதைக் கேட்டவர் எழுந்து போய்ச் சரிபார்த்தால் அது நிற்குமா? நிற்கும் என்றால் தகவல். சரிபார்க்க மாட்டார் என்ற தைரியத்தில் சொன்னால் பீலா.

நிறைகுடம் தளும்பாதுன்னு சொல்லி வளர்த்துட்டாங்க. இப்ப வாயத் திறந்து சொல்லுன்னா எப்படிச் சொல்றது?

குடம் தளும்ப வேண்டாம். மூடியை மட்டும் திறந்து வைத்தால் போதும். பேச வராது என்றால் எழுதுங்கள். வெள்ளிக்கிழமை மாலை மேனேஜருக்கு நான்கு வரி. அதில் பெரும்பாலானவர்கள் செய்யும் ஒரு தப்பு உண்டு. ஒருவர் எனக்கு அனுப்பியிருந்த வரி இது: “பில்லிங்கில் சில மேம்பாடுகள் செய்யப்பட்டன.” யார் செய்தது? செய்யப்பட்டன. என்ன மேம்பாடு? சில. நம் ஆட்களுக்கு அடக்கம் வந்துவிட்டால் உடனே செயப்பாட்டு வினைக்குப் போய்விடுவார்கள், எழுவாயே காணாமல் போய்விடும்.

அவரை உட்கார வைத்துத் திருப்பி எழுதச் சொன்னேன். வந்தது இது: “மாதக் கடைசி பில் தயாராக 40 நிமிடம் ஆகிக்கொண்டிருந்தது, இப்போது 6 நிமிடம். ஒவ்வொரு வரிக்கும் விலைப்பட்டியலை முதலிலிருந்து படித்துக்கொண்டிருந்ததுதான் காரணம். மாற்றியது நான், டெஸ்ட் செய்தது பக்கத்து சீட் அக்கா. அடுத்த மாதக் கடைசியில் ஒருமுறை பார்த்துவிட்டுத்தான் முடிந்தது என்று சொல்வேன்.” இதில் ஒரு பெருமைச் சொல் இருக்கிறதா? முன்பு எப்படி, இப்போது எப்படி, ஏன், யார் யார், இன்னும் என்ன பாக்கி. அந்த 40-ம் 6-ம் எனக்கு ரேட்டிங் அறையில் அப்படியே கைகொடுத்தன. கூட உழைத்தவர் பெயரைச் சேர்த்ததால் அவருக்கும் கைகொடுத்தன.

யாராவது நன்றி சொன்னால் “ஐயோ, நான் என்ன பண்ணேன்” என்று பதில் போடுவதையும் நிறுத்துங்கள். எதிரில் இருப்பவர் அதை அப்படியே நம்பிவிடுவார்.

செல்ஃப் அப்ரைசல் ஃபார்ம் வந்தா கை ஓடல. வருஷம் பூரா என்ன பண்ணேன்னே ஞாபகம் இல்ல.

யாருக்கும் ஞாபகம் இருக்காது. மேனேஜருக்குக் கடைசி இரண்டு மாதம்தான் ஞாபகம் இருக்கும். சீன் பார்ட்டிகள் அப்ரைசலுக்கு முந்தைய மாதம் திடீரென்று சுறுசுறுப்பாவது இதனால்தான்.

மருந்து: மேலே சொன்ன வெள்ளிக்கிழமை மெயில்களை ஒரு தனி ஃபோல்டரில் போட்டு வையுங்கள். ஃபார்ம் வரும்போது ஐம்பது மெயில் கையில் இருக்கும். நாற்பத்தைந்தைத் தூக்கிப் போட்டுவிட்டு ஐந்தை எழுதுங்கள். எல்லாவற்றையும் எழுதினால் படிக்க ஆள் இல்லை.

நான் ராத்திரி பூரா உட்கார்ந்து பண்ணத, காலைல மீட்டிங்ல இன்னொருத்தர் தன் பேர்ல சொல்லிட்டார். என்ன பண்றது?

முதலில் அது திருட்டா, கவனக்குறைவா என்று பாருங்கள். “நாங்க முடிச்சுட்டோம்” என்று சொல்கிற ஆட்களில் பாதிப் பேருக்குக் கெட்ட எண்ணம் கிடையாது. தனியாகக் கூப்பிட்டு, “அந்த ரிப்போர்ட் நான் பண்ணது, மீட்டிங்ல என் பேரையும் சொல்லியிருக்கலாம்” என்றால் நாக்கைக் கடித்துக்கொள்வார்கள்.

இரண்டாவது முறையும் நடந்தால் அது பழக்கம். எனக்கு நடந்தது. நான் அனுப்பிய மெயிலை ஒருவர் மேலிடத்துக்கு ஃபார்வர்டு செய்யும்போது கீழே இருந்த என் மெயிலை மட்டும் நறுக்கிவிட்டு, அதன் வாசகத்தை மேலே ஒட்டியிருந்தார். எழுத்துப்பிழையைக்கூட மாற்றவில்லை, அதனால்தான் தெரிந்தது. அதன்பிறகு நான் சண்டை போடவில்லை. வேலையை முடித்ததும் சம்பந்தப்பட்ட எல்லோருக்கும் நேராக நானே அனுப்ப ஆரம்பித்தேன். மீட்டிங்கில் அவர் சொல்லி முடித்ததும், “அதில் ஒரு சிக்கல் இருந்தது, அதை எப்படிச் சரி பண்ணேன்னா” என்று உள் விவரத்தை எடுத்துப் பேசுவேன். செய்தவருக்கு மட்டும்தான் அந்த விவரம் தெரியும். “அது நான் பண்ணது” என்று கத்துவதைவிட இது பலமாகக் கேட்கும்.

கிரெடிட் எடுத்துக்கறது மேனேஜரேன்னா?

இது கஷ்டம். ஓரளவுக்கு அது தானாகவே நடக்கும், யாரும் திருட வேண்டியதில்லை. 1968-இல் சமூகவியலாளர் ராபர்ட் மெர்ட்டன் விஞ்ஞானிகளிடம் இதைக் கவனித்து எழுதினார்: ஒரு கண்டுபிடிப்பில் பிரபலமானவரும் பெயர் தெரியாதவரும் சேர்ந்து உழைத்திருந்தால், புகழ் பிரபலமானவரிடமே போய்ச் சேரும். 1967-இல் கேம்பிரிட்ஜில் ஆய்வு மாணவியாக இருந்த ஜோசலின் பெல், வானொலித் தொலைநோக்கி கக்கிய காகிதச் சுருள்களை அங்குலம் அங்குலமாகப் பார்த்து முதல் பல்சாரின் (சீரான இடைவெளியில் துடிக்கிற மாதிரி வானொலி அலை அனுப்பும் விண்மீன்) தடத்தைப் பிடித்தார். 1974-இல் அதற்கான நோபல் பரிசு அவருடைய வழிகாட்டி ஆண்டனி ஹியூவிஷுக்குப் போனது.

உங்கள் மேனேஜர் “என் டீம் செய்தது” என்றால் விட்டுவிடுங்கள், அது அவர் சொல்லக்கூடியதுதான். “நான் செய்தேன்” என்றால் ஒரே வழி, உங்கள் வேலையை உபயோகிக்கும் வேறு டீம்களுக்கு உங்களை நேரடியாகத் தெரிந்திருப்பது. அந்த அறையில் இன்னும் ஆறு மேனேஜர்கள் இருக்கிறார்கள். அதில் இரண்டு பேருக்கு உங்கள் பெயர் தெரிந்திருந்தால் போதும். அவரைத் தாண்டி மேலே புகார் போகலாமா என்று கேட்பார்கள். நான் பார்த்தவரை, ஆதாரம் கையில் இருந்தும் பாதி நேரம் அது பலிக்காமல் போகிறது.

என் வேலையே பிரச்சனை வராம பாத்துக்கறது. ஒண்ணும் நடக்கலன்னா எதைக் காட்டுறது?

எனக்கு மிகவும் வலிக்கிற கேள்வி இது. நெல்சன் ரெப்பென்னிங், ஜான் ஸ்டெர்மன் என்ற இரண்டு எம்ஐடி பேராசிரியர்கள் 2001-இல் ஒரு கட்டுரை எழுதினார்கள். நடக்காமல் போன பிரச்சனையைத் தீர்த்ததற்காக யாருக்கும் பாராட்டு கிடைப்பதில்லை என்பதுதான் அதன் தலைப்பே. பராமரிப்பைக் குறைத்து உற்பத்தியைக் கூட்டினால் உடனே எண்ணிக்கை ஏறும், கொஞ்ச நாள் கழித்துத்தான் மெஷின் படுக்கும் என்று அதில் விளக்கியிருப்பார்கள். அந்த இடைவெளியில் எண்ணிக்கையை ஏற்றியவர் பிரமோஷன் வாங்கிப் போயிருப்பார். மெஷின் படுத்ததும் ராத்திரியில் ஓடி வந்து சரிசெய்கிறவர் அடுத்த ஹீரோ. வருடக்கணக்காக எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தவரை யாருக்கும் தெரியாது.

2000-ஆம் ஆண்டு பிறந்தபோது கம்ப்யூட்டர்கள் எல்லாம் குழம்பிப் போகும் என்று பயந்து, வருடத்தை இரண்டு இலக்கத்தில் வைத்திருந்த புரோகிராம்களை உலகம் முழுக்கப் பல வருடம் உட்கார்ந்து திருத்தினார்கள். ஜனவரி 1 அன்று பெரிதாக ஒன்றும் ஆகவில்லை. உடனே என்ன சொன்னார்கள்? “வெறும் பீதி கிளப்பிட்டாங்க.”

ஆகவே நடக்காததைக் காட்ட முடியாது, நடக்க இருந்ததைக் காட்டலாம். “போன வருடம் டிஸ்க் நிரம்பி மூன்று முறை சர்வர் நின்றது. இந்த வருடம் 80 சதவீதம் தாண்டியதும் எச்சரிக்கை வருகிற மாதிரி வைத்தேன். ஐந்து முறை வந்தது, ஐந்து முறையும் காலி செய்தேன். ஒருமுறையும் நிற்கவில்லை.” பழைய வருடத்தின் கணக்கு கையில் இல்லாவிட்டால் இதை எழுத முடியாது. அதனால் புதிய பொறுப்புக்கு வந்த முதல் வாரமே, இப்போது எத்தனை முறை எது கெடுகிறது என்று எண்ணி எழுதி வைத்துவிடுங்கள். சரிசெய்ய ஆரம்பிப்பதற்கு முன்பே.

மீட்டிங் குறிப்பு எடுக்கறது, புதுசா வந்தவங்களுக்குச் சொல்லிக் கொடுக்கறது, ஃபேர்வெல் ஏற்பாடு... எல்லாம் என் தலைல. இதெல்லாம் கணக்குல வருமா?

வராது. லிண்டா பாப்காக், லீஸ் வெஸ்டர்லண்ட் முதலிய நான்கு ஆய்வாளர்கள் பதவி உயர்வுக்கு உதவாத வேலைகள் யார் தலையில் விழுகின்றன என்று 2017-இல் எழுதினார்கள். ஆணும் பெண்ணும் கலந்த குழுவில் இப்படிப்பட்ட வேலைக்குப் பெண்கள் கை தூக்குவது ஆண்களைவிட 48 சதவீதம் அதிகம். பெண்கள் மட்டும் இருந்தாலும் ஆண்கள் மட்டும் இருந்தாலும் யாரோ ஒருவர் செய்யத்தான் செய்தார்கள். கலந்து இருக்கும்போதுதான் பெண் செய்வாள் என்று எல்லோரும், அந்தப் பெண் உட்பட, எதிர்பார்க்கிறார்கள்.

புதியவருக்குச் சொல்லிக் கொடுப்பதை மட்டும் விடாதீர்கள், அது நிஜமான வேலை. ஆனால் பெயரோடு சொல்லுங்கள்: இன்னாரை ஆறு வாரத்தில் தனியாக வேலை பார்க்கத் தயார் செய்தேன். மற்றதை முறை வைத்துச் செய்யலாம் என்று மீட்டிங்கிலேயே கேளுங்கள். “இந்த மாசம் நான் எடுத்தேன், அடுத்த மாசம் யாரு?” கேட்டுவிட்டு அமைதியாக இருங்கள். அந்த அமைதி தாங்காமல் நீங்களே மறுபடி கை தூக்கிவிடக் கூடாது, அதுதான் முக்கியம்.

நீங்க சொல்ற மாதிரி நான் சொன்னா திமிருங்கறாங்க. அதையே ஒரு ஆம்பள சொன்னா கான்ஃபிடன்ஸ்ங்கறாங்க. இதுக்கு என்ன பதில்?

முழுப் பதில் என்னிடம் இல்லை. நீங்கள் சொல்வது உண்மை. லாரி ரட்மன் என்ற உளவியலாளர் 1998-இலேயே ஆராய்ந்தார்: தன் திறமையைத் தானே எடுத்துச் சொன்ன பெண்ணைத் திறமைசாலி என்று ஒப்புக்கொண்டார்கள், ஆனால் பிடிக்கவில்லை என்றார்கள். கிறிஸ்டின் எக்ஸ்லி, ஜட் கெஸ்லர் 2022-இல் வெளியிட்ட ஆய்வில், கணக்கு, அறிவியல் தேர்வில் ஆண்களுக்குச் சமமாகச் செய்த பெண்கள்கூட, எப்படிச் செய்தீர்கள் என்று கேட்டால் தங்களைக் குறைத்தே சொன்னார்கள். சரியான மதிப்பெண்ணைச் சொல்லிவிட்டுக் கேட்டாலும் அப்படித்தான்.

அதாவது சொன்னாலும் அடி, சொல்லாவிட்டாலும் அடி. நடைமுறையில் பலித்ததாக எனக்குத் தெரிந்தது ஒன்று. எண்ணும் விவரமும் பேசட்டும் (அந்த பில்லிங் மெயில் மாதிரி), பாராட்டை வேறொருவர் பேசட்டும். இரண்டு தோழிகள் பேசி வைத்துக்கொண்டு மீட்டிங்கில் ஒருவர் வேலையை மற்றவர் எடுத்துச் சொல்வார்கள். ஆறு மாதம் யாருக்கும் புரியவில்லை. புரிந்தபோதும் யாரும் குறை சொல்ல முடியவில்லை, சொன்னதெல்லாம் உண்மையாக இருந்ததால்.

வீட்டிலிருந்து வேலை செய்றேன். கண்ணுல படாதவன் கருத்துல படமாட்டான்னு சொல்றது சரியா?

வாரத்தில் பெரும்பாலான நாள் வீட்டிலேயே இருந்தால் ஓரளவு சரி. நிக்கோலஸ் புளூம் குழுவினர் ஒரு சீனப் பயண நிறுவனத்தின் கால் சென்டரில் ஒன்பது மாதம் சோதித்து 2015-இல் வெளியிட்டார்கள். வாரம் நான்கு நாள் வீட்டிலிருந்தவர்களின் வேலை 13 சதவீதம் கூடியது. ஆனால் அதே அளவு வேலை செய்தவர்களோடு ஒப்பிட்டால் அவர்களுக்குப் பிரமோஷன் குறைந்தது. அதே நிறுவனத்தில் வாரம் இரண்டு நாள் மட்டும் வீட்டிலிருந்தவர்களைப் பற்றிய ஆய்வு 2024-இல் வந்தது. அதில் பிரமோஷனில் வித்தியாசமே இல்லை. ஆக, வாரத்தில் சில நாள் முகம் தெரிந்தால் போதும், தினமும் தெரிய வேண்டியதில்லை.

இந்த வம்பே வேணாம். எல்லாத்தையும் நம்பரா அளந்துட்டா வாய்ஜாலம் எடுபடாதுல்ல?

வாய்ஜாலம் போய் நம்பர் ஜாலம் வரும். சார்ல்ஸ் குட்ஹார்ட் என்ற பிரிட்டிஷ் பொருளியலாளர் 1975-இல் பணக் கொள்கை பற்றிச் சொன்ன ஒரு கருத்து இன்று எல்லா இடத்திலும் ஒட்டிக்கொண்டது: ஓர் அளவையே இலக்காக வைத்துவிட்டால் அது அளவாகப் பயன்படாது. முடித்த புகார்களை எண்ணினால், தீராத புகாரையும் மூடிவிட்டுப் புதிதாக ஒன்று திறப்பார்கள். ஒரே ஆளின் ஒரே பிரச்சனை நான்கு வெற்றியாக ரிப்போர்ட்டில் வந்ததை நான் பார்த்திருக்கிறேன்.

ஆப்பிள் நிறுவனத்தில் 1982-இல் லிசா கம்ப்யூட்டர் டீமில், வாரம் எத்தனை வரி கோடு எழுதினீர்கள் என்று ஒரு படிவம் கொடுத்தார்கள். பில் அட்கின்சன் அந்த வாரம் ஒரு பகுதியைத் திருத்தி எழுதியிருந்தார். அது முன்பைவிட வேகமாக ஓடியது, ஆனால் இரண்டாயிரம் வரி குறைந்துவிட்டது. படிவத்தில் மைனஸ் 2000 என்று போட்டுக் கொடுத்தார். கொஞ்ச நாளில் அவரிடம் படிவம் கேட்பதையே விட்டுவிட்டார்கள்.

ஆட்களை வரிசையில் நிறுத்தி, கடைசியில் இருப்பவரைத் தள்ளும் முறையும் வந்து பார்த்தது. மைக்ரோசாஃப்ட் அதை 2013-இல் கைவிட்டது. பக்கத்து சீட்காரர் தோற்றால்தான் நான் ஜெயிப்பேன் என்ற இடத்தில் யார் யாருக்குச் சொல்லிக் கொடுப்பார்கள்? நம்பர் வேண்டும்தான். கேள்வி கேட்க ஆரம்பிக்கும் இடமாக அது இருக்கட்டும், தீர்ப்பு எழுதும் இடமாக வேண்டாம்.

அப்ப நல்லா வேலை செய்றவங்களையே மேனேஜர் ஆக்கிட்டா எல்லாம் சரியாயிடுமே?

நானும் அப்படித்தான் நினைத்திருந்தேன். ஆலன் பென்சன், டேனியல் லீ, கெல்லி ஷூ மூவரும் 131 நிறுவனங்களின் விற்பனைப் பணியாளர்களை வைத்து 2019-இல் வெளியிட்ட ஆய்வு அதை உடைத்தது. அதிகம் விற்றவரைத்தான் மேனேஜர் ஆக்கினார்கள். ஆனால் அப்படி ஆனவர்களில், முன்பு அதிகம் விற்றவரின் டீம்தான் பின்தங்கியது. விற்பது ஒரு வேலை, விற்க வைப்பது வேறு வேலை.

இதில் நீதியும் தேவையும் மோதுகின்றன. உழைத்தவருக்கு வெகுமதி வேண்டும். ஆனால் மேனேஜர் நாற்காலியை வெகுமதியாகக் கொடுத்தால் டீம் கெடும். சம்பளத்தையும் மரியாதையையும் நாற்காலி மாற்றாமலே உயர்த்த முடிகிற இடங்களில் இந்தச் சண்டை குறைவாக இருக்கிறது. பெரும்பாலான இடங்களில் மேலே போக ஒரே ஏணிதான் வைத்திருக்கிறார்கள்.

சீன் போடுறவன் என்னைக்காவது மாட்டுவானா?

கூட வேலை செய்கிறவர்களிடம் சீக்கிரமே மாட்டுவார். டெல்ராய் பால்ஹஸ் 1998-இல் வெளியிட்ட ஆய்வில், அறிமுகமில்லாதவர்களைக் குழுவாக ஏழு வாரம் சந்திக்க வைத்தார். தன்னை மிகைத்துக் காட்டுகிறவர்களை முதல் சந்திப்பில் எல்லோருக்கும் பிடித்திருந்தது. ஏழாவது சந்திப்பில் பிடிக்கவில்லை.

ஆனால் மேலே இருப்பவர்கள் அவரை முதல் சந்திப்பு அளவிலேயேதான் பார்த்துக்கொண்டிருக்கிறார்கள். மாதம் ஒரு பிரசன்டேஷன், வருடத்தில் பன்னிரண்டு முறை முதல் சந்திப்பு. சாயம் வெளுப்பதற்குள் அடுத்த டீம், அடுத்த கம்பெனி. “அவர் மாட்டும் நாளுக்காகக் காத்திருக்கேன்” என்று சொன்ன ஒருவர் நான்கு வருடம் காத்திருந்தார். அவருடைய நான்கு வருடம்தான் போனது.

நானே இப்ப டீம் லீட் ஆயிட்டேன். என் டீம்ல இது வராம இருக்க என்ன பண்ணணும்?

காதால் அளப்பதைக் குறையுங்கள். மாதம் ஒரு நாள் ஒவ்வொருவர் பக்கத்திலும் அரை மணி நேரம் உட்கார்ந்து, “செஞ்சதைத் திறந்து காட்டுங்க” என்று கேளுங்கள். பிபிடி வேண்டாம், வேலையையே திறக்கச் சொல்லுங்கள். செய்தவருக்குக் கண் மின்னும், செய்யாதவருக்கு லேப்டாப் ஹேங் ஆகும்.

இன்னொரு கேள்வி எனக்கு எப்போதும் உதவியிருக்கிறது: “இந்த மாசம் உங்களுக்கு யார் உதவினாங்க?” டீமில் எல்லோரிடமும் தனித்தனியாகக் கேட்டால் ஒரே பெயர் நான்கு வாயிலிருந்து வரும். பெரும்பாலும் மீட்டிங்கில் வாயே திறக்காத ஆள். அந்தப் பெயரைத்தான் ரேட்டிங் அறைக்கு எடுத்துப் போக வேண்டும், “குறை சொல்ல முடியாது” என்று இல்லாமல், 40 நிமிடம் 6 ஆன கதையோடு. நள்ளிரவில் ஓடி வந்து தீயை அணைத்தவரைப் பாராட்டுவதற்கு முன்னால், தீ ஏன் பிடித்தது என்றும் ஒருமுறை கேளுங்கள். சில சமயம் வைத்தவரும் அணைத்தவரும் ஒருவராகவே இருப்பார்.

எல்லாம் பண்ணிப் பாத்துட்டேன், ஒண்ணும் மாறல. வேலைய விட்டுடவா?

வெள்ளிக்கிழமை மெயில் ஒரு வருடம் போட்டு, இரண்டு மேனேஜர்களுக்கு உங்கள் பெயர் தெரிந்து, நேராகவும் கேட்டுப் பார்த்தாகிவிட்டது, பதில் “அடுத்த வருஷம் பாக்கலாம்” என்றால், தேட ஆரம்பியுங்கள். கையில் அடுத்த ஆர்டர் வரும்வரை விடாதீர்கள். கோபத்தில் விட்டவர்கள் முதலில் கிடைத்த இடத்தில் போய் விழுவதைப் பார்த்திருக்கிறேன், அது பெரும்பாலும் இதைவிட மோசமான இடம்.

ஒரு வேடிக்கை பாருங்கள். தற்பெருமை பிடிக்காமல் வெளியேறுகிறவர் முதலில் போய் உட்காருவது இன்டர்வியூவில். முக்கால் மணி நேரம், முன்பின் தெரியாத மூன்று பேர், “உங்களைப் பத்திச் சொல்லுங்க.” நன்னூலின் இரண்டாவது விலக்கு இதுதான், தாராளமாகச் சொல்லலாம். கம்பெனியின் ரகசியம் எதுவும் வெளியே போகாமல், வெள்ளிக்கிழமை மெயில்களிலிருந்து உங்கள் ஐந்து கதைகளை மட்டும் ஒரு நோட்டில் கையால் எழுதி எடுத்துப் போங்கள். அவர்கள் கேட்டு முடித்ததும் நீங்களும் ஒன்று கேளுங்கள்: “இங்கே கடைசியா பிரமோஷன் வாங்கினவர் என்ன செஞ்சு வாங்கினார்?” உடனே ஒரு வேலையைச் சொன்னால் நல்லது. மூன்று பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டு, “அவர் ரொம்ப டைனமிக்” என்றால், இன்னும் ஒன்றிரண்டு இன்டர்வியூ பார்த்துவிட்டு முடிவெடுங்கள்.